புதன்கிழமை பாட்டில்

3-2-2025, திங்கள்
கன்னியப்பன். வடக்குப்பட்டு. வயது எழுபத்தொன்று. இவ்வளவையும் நானே எழுதினேன்! முதியோர் வகுப்பில் சேர்ந்து நாலு மாதம். கட்டைவிரலில் மை பூசும் வேலை இனி இல்லை.

வேறு சந்தோஷம் ஒன்றும் இல்லை. ஆறு மாதமாக என் வீட்டுக்காரி செங்கமலத்துக்கு வயிற்று எரிச்சல், கையெல்லாம் தடிப்பு. பின்னால் இருக்கும் பெயிண்ட் கம்பெனி எங்கள் கிணற்றைக் கெடுத்துவிட்டது. கேட்கப் போனால் கேட்டில் நிற்பவன், "ப்ரூஃப் கீதா பெருசு?" என்கிறான்.

காலேஜ் லேபில் வேலை செய்யும் ஸௌம்யா ஏழு பாட்டில் தந்திருக்கிறாள். தினம் ஒன்று பிடிக்க வேண்டும். கிழமையை நானே எழுதி ஒட்டுகிறேன்.

5-2, புதன்
விடிந்ததும் பார்த்தால் தண்ணீர் டிரம் காலி. கிணற்று மோட்டாரைப் போட்டுக் குழாயிலேயே பாட்டிலைப் பிடித்தேன்.

6-2, வியாழன்
'ழ' ஒழுங்காக வந்துவிட்டது. செங்கமலத்துக்குப் படித்துக் காட்டினேன். "இன்னா, கலெக்டர் ஆவப் போறியா?" என்று சிரித்தாள். சிரித்து முடிக்கவில்லை, வாந்தி.
பாவிகள்.

20-2, வியாழன்
ஸௌம்யா வந்தாள். ஏழு பாட்டிலுக்கும் ஏழு படம், எல்லாம் மேடும் பள்ளமுமாக.

"ஒரு பாட்டிலை மட்டும் பார்த்தா தண்ணில கலந்ததெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடக்கும் தாத்தா. ஏழையும் சேத்து வெச்சு, எதெது சேர்ந்தே ஏறுது, சேர்ந்தே இறங்குதுன்னு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் பிரிக்கும்."

பிரித்ததில் ஒன்று பெயிண்டில் கலக்கும் தின்னர் மாதிரியான மருந்தாம். நான் துள்ளினேன். மாட்டினானா!

அவள் சிரிக்கவில்லை. "ஆறு பாட்டில்ல இருக்கு. புதன்கிழமைல மட்டும் அது துளிகூட இல்ல. அன்னிக்கு எங்க பிடிச்சீங்க?"

"குழாய்ல."

"மத்த நாள்?"

குடிக்கிற தண்ணீர்தானே பார்க்க வேண்டும் என்று... டிரம்மில்தான் மொண்டேன். ஆறு மாதம் முன்னால் ஒரகடம் பழைய சாமான் கடையில் நான் பேரம் பேசி வாங்கிய நீல டிரம்.

அவள் போன பிறகு டிரம் பக்கம் போனேன். அதில் ஒட்டியிருக்கும் தாளின் மேல் செங்கமலம் ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். நகத்தால் சுரண்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

குடி-நீர் வைக்-கக் கூ-டாது.

கீழே அதே கம்பெனியின் பெயர்.

ஆறு மாதமாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. தினமும் அதைத் தொட்டுத்தான் தண்ணீர் மொண்டிருக்கிறேன்.

21-2
எழுதப் பிடிக்கவில்லை.

23-2, ஞாயிறு
டிரம் ஓட்டையாகிவிட்டது என்று சொல்லி வெளியே உருட்டினேன். வேறு யாரும் எடுத்துப் போகாதபடி அரிவாளால் கிழித்தேன். தண்ணீர் பிடிக்கப் புது எவர்சில்வர் குடம்.

"கெணத்தக் கெடுத்தவன் நாசமாப் போவ," என்றாள் செங்கமலம், தடித்த கையைச் சொறிந்துகொண்டே. நான் 'உம்' கொட்டினேன்.

"இன்னா எழுதிகினு கீற? படி, கேக்கறேன்."

கண் தெரியவில்லை என்றேன்.