செரே இலைக்கு மறுசோதனை

நகிமுலி,

என் செரே இலையை அடுப்பில் காயவைத்துக் கொதிக்கவைத்துவிட்டு, சீழ்ப்புண்ணை ஆற்றும் சக்தி அதற்கில்லை என்று இந்தக் கம்பாலாக்காரர்கள் எழுதிவிட்டார்கள். உன் முட்டிவலி எப்படியிருக்கிறது? நான் நலம்.

"உங்க மருந்து விட்டும் தட்டுல கிருமி அப்படியே இருக்கே ஐயா," என்றாள் சோதனைக்கூடத்துப் பெண்.

"நாங்க புண்ணுல பிழியறது பச்சைச் சாறு தாயி. நீ வச்சது சூப்பு."

சிரித்தாள். வெள்ளிக்கிழமை மறுபடி சோதிப்பாளாம். அதிலும் தோற்றால் அரசாங்க மூலிகைப் பட்டியலிலிருந்து இலையை நீக்கிவிடுவார்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அறையில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

வியாழன் விடியலில் பூக்காத செடியாகப் பார்த்து நீ பறி. ஈரத்தோடு வாழையிலையில் கட்டு. வாழைக்காய் லாரியில் உன் தம்பி கிசிட்டு தானே கொண்டுவரட்டும்; டிரைவரிடம் கொடுத்தனுப்பாதே. சாற்றை நானே பிழிவேன். லாரியில் இடமிருந்தால் நீயும் ஏறிக்கொள்.

லுபேகா