விழா மலரில் விடுபட்ட பெயர்

மரக்காணம்
3 மார்ச் 2025, திங்கட்கிழமை, காலை 6.40

பொருள்: அருளப்பன்

ஐயா,

நீங்கள் மறைந்த பின் எடுக்கும் உங்கள் நூற்றாண்டு விழாவின் மலர் சனிக்கிழமை பகல் 11.15க்குத் தபாலில் வந்தது. நாட்டின் உளவுத்துறையை நிறுவிய முதல் தலைவர் என்று அட்டையில் உங்கள் படம். 'தம் ஆட்களை ஒருபோதும் கைவிடாதவர்' என்கிறது நான்காம் பக்கம். ஓரத்தில் 'பொய்' என்று எழுதிவிட்டுத்தான் காப்பி குடித்தேன்.

டில்லியில் பதினோரு ஆண்டுகள் உங்கள் சுருக்கெழுத்தராக இருந்தேன். இந்தக் கரையில் கடல்வழியைக் கவனிக்க நம்பகமான ஆள் கேட்டீர்கள். என் பள்ளித் தோழன், படகோட்டி அருளப்பனைச் சொன்னேன். கடத்தல்காரர்களோடு சேர்ந்து, அவர்கள் சரக்கை ஏற்றியபடியே அவன் தகவல் அனுப்ப வேண்டும் என்பது உங்கள் உத்தரவு. அதில் பெயருக்கு இடம்விட்டு நான் தட்டச்சு செய்தேன். நீங்கள் பென்சிலால் நிரப்பினீர்கள். "பென்சில் யாரையும் காட்டிக்கொடுக்காது" என்பீர்கள். நானும் வியந்தேன்.

சுங்கத்துறை அவனைச் சரக்கோடு பிடித்த வியாழக்கிழமை, "அப்படி ஒருவரை நாங்கள் அறியோம்" என்று தொலைபேசியில் அவர்களிடம் சொன்னீர்கள். சொல்லிக்கொண்டே ரப்பரை எடுத்து அவன் பெயரை அழித்தீர்கள். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த நான் வாயைத் திறக்கவில்லை. பிடிபட்ட ஏழாம் மாதம் அவன் சிறையில் இறந்தான்.

நேற்று, மாதா கோயில் ஞாயிறு பூசை முடிந்து அவன் மகள் புஷ்பம் வந்தாள். இன்னமும் உப்பளத்தில் வேலை செய்கிறாள்.

"புக்குல எங்கப்பா பேரு இருக்குதாங்க?"

"இல்லம்மா."

"நீங்கதான டில்லில டைப் அடிச்சீங்க? நீங்களும் அவரு பேர முழுங்கிட்டீங்களா?"

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இன்னும் கடத்தல்காரன் பொண்ணுன்னுதாங்க சொல்றாங்க. ஒரு பேப்பரு இருந்தா போதும், மூஞ்சிக்கு நேரா காட்டுவேன்."

காகிதம் இருக்கிறது, ஐயா. பெயரை எழுதிய அன்று அடியில் கார்பன் இருந்ததை நீங்கள் கவனிக்கவில்லை. மிகுதி நகல்களை மாலை ஐந்து மணிக்கு எரித்துப் பதிவேட்டில் கையெழுத்திடுவது என் வேலை. அதை மட்டும் எரிக்காமல் கையெழுத்திட்டேன். 'பாருடா, பெரியவர் கையால் உன் பெயர்' என்று அவனிடம் பீற்றிக்கொள்ளும் அற்ப ஆசை. அவனைக் காப்பாற்ற வேண்டிய நாளில் அதை வெளியே எடுக்கப் பயந்தேன். பயம் ஐம்பத்தொரு ஆண்டுகள், நான்கு மாதங்கள் நீடித்தது.

எண்பத்து மூன்று வயதில் வழக்கு வந்தால் வரட்டும். உங்களிடம் கற்ற வாய்திறவாமை மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. புஷ்பத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததால், எழுதுகிறேன்.

இணைப்புகள் (மூலம் புஷ்பத்துக்கு, பிரதி மலர்க்குழுவுக்கு):

அ. உத்தரவின் கார்பன் நகல்.
ஆ. பதிவேட்டில் பொய்க் கையெழுத்திட்டேன் என்ற என் ஒப்புதல்.
இ. அந்த வியாழக்கிழமை நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம், என் கையொப்பத்துடன்: "அருளப்பன் எங்கள் ஆள்."