ஒரே சீசாவில் இரண்டு கடிகாரங்கள்

மார்ச் 4
கிளீவ்லாந்திலிருந்து அண்ணன் டெல்மர் அப்பாவின் ரயில்வே பாக்கெட் கடிகாரத்தை அனுப்பியிருக்கிறான். எனக்கல்ல, என் மனைவி ஜூனுக்கு. உயிலில் அது அவனுக்குப் போனது. அடக்கத்தன்று நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. இப்போது கடிகாரமும் ஓடவில்லை.

"பொழுதுபோக்கா பழைய கடிகாரமெல்லாம் கழட்டுறானாமே. பார்க்கட்டும். இதையும் கெடுத்தான்னா, அதோட முடிஞ்சுதுன்னு சொல்லிடு" என்றானாம்.

சமாதானத் தூது என்கிறாள் ஜூன். மிரட்டல் கடிதத்தையும் வாழ்த்து அட்டையாகப் படிப்பவள் அவள்.

மார்ச் 9
திறந்தேன். ஸ்பிரிங் முறிந்திருக்கிறது, எண்ணெய் பிசினாகிவிட்டது. அவ்வளவுதான். இதுவரை நான்கு கடிகாரங்களைப் பிரித்து மாட்டியிருக்கிறேன். மூன்று ஓடுகின்றன. நான்காவது ஒத்துழைக்கவில்லை.

மார்ச் 15
புது ஸ்பிரிங் வந்தது. உதிரிபாகத்துக்கென்று அதே மாதிரியில் இன்னொரு கடிகாரமும் வாங்கினேன், மூடி நசுங்கியது. எங்கள் கடிகாரப் பிரியர் சங்கத்தில் இதைக் கொடையாளி என்பார்கள். பலியாடு என்பதே நேர்மை.

மார்ச் 22
இரண்டையும் பிரித்து ஒரே சீசாவில் கழுவினேன். கழுவும் திரவம் பாதி மிச்சமானது.

மார்ச் 29
ஓடுகிறது! ஒரு நாளைக்கு இரண்டு விநாடிதான் பிசகு.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லட்டுமா?" என்றாள் ஜூன்.

"கொஞ்சம் காத்திருக்கட்டும்."

மார்ச் 30
லென்ஸ் வைத்து ரசித்தேன். ரசிக்காமல் இருந்திருக்கலாம். இடமும் வலமும் ஆடும் சக்கரத்தின் அடியில், அந்தக் கடிகாரத்தின் எண்ணைத் தொழிற்சாலையில் கீறியிருப்பார்கள். அப்பாவுடையது 417. இதில் 903.

அதாவது கடிகாரத்தின் இதயமான அந்தச் சக்கரம் பலியாடுடையது. அப்பாவுடையது நசுங்கிய மூடிக்குள் இருக்கிறது.

யாருக்குத் தெரியும்? டெல்மர் லென்ஸ் வாங்கப் போவதில்லை. ஆனா எனக்குத் தெரிஞ்சுபோச்சே. எந்த மடையன்டா ரெண்டையும் ஒரே சீசாவில —

ஏப்ரல் 3
மாற்றிவிட்டேன். பலியாடு பிரமாதமாக ஓடுகிறது. அப்பாவுடையது அச்சு தேய்ந்து, ஒரு நாளைக்கு நாலு நிமிடம் பின்தங்குகிறது. மூன்று முறை திருத்தினேன். நாலு நிமிடம்.

ஏப்ரல் 6
டெல்மரை நானே அழைத்தேன். சீசாவில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப உன்கிட்ட ரெண்டு இருக்கு. ஒண்ணு சரியா ஓடுது. இன்னொண்ணு அப்பாவோடது."

"ஆமா."

"சொல்லாம குடுத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதேடா ஹார்லன்."

"தெரிஞ்சிருக்காது."

"மடையா." பெருமூச்சு. "எனக்கு மணி பார்க்கணும். ஓடுறதை அனுப்பு. அப்பாவை நீ வெச்சுக்க."

மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். ஜூன் என் காலை மிதித்தாள்.

ஏப்ரல் 20
காலை எட்டு மணிக்கு, தினமும் அப்பாவின் கடிகாரத்தைச் சரியான மணிக்குத் திருப்பி வைக்கும் நேரத்தில், டெல்மர் அழைத்தான்.

"அப்பா கணக்குல இப்ப மணி என்னடா?"

"ஏழு அம்பத்தாறு."

"சரி, எட்டாகட்டும். இருக்கேன்."

மழை, அவன் முழங்கால், தக்காளி நாற்று என்று பேசினோம். அப்பாவின் கடிகாரத்தைப் பார்த்தபோது எட்டே முக்கால். அதாவது, எட்டு நாற்பத்தொன்பது.