போனில் சரி சொல்லாத ஊர்

கொமாக்கியோ, இத்தாலி, மார்ச் 9

அன்பு மகள் மிரெல்லாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், பூனை, என் முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். அந்தக் கனடாக் குளிரில் நீயும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும், காதை மூடாமல் வெளியே போகாதே.

மின்சாரத்தை யாரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று சந்தையைத் திறந்துவிட்டார்களே, அன்றிலிருந்து விலை குறைந்ததோ இல்லையோ, போன் ஓயாமல் அடிக்கிறது. ஒரு நிமிடம் பேசலாமா என்பார்கள், நாம் சரி என்றால் அந்தச் சரியைப் பதிவு செய்து, வெட்டி ஒப்பந்தத்தில் ஒட்டிவிடுவார்கள், அடுத்த மாதம் பெயர் தெரியாத கம்பெனியிலிருந்து பில் வரும். பொத்தான் கடை ஃபோஸ்காவுக்கு ஒரே வருடத்தில் மூன்று கம்பெனி மாறிவிட்டது. இப்போது ஊரில் யாருமே போனில் சரி சொல்வதில்லை. சீட்டாட வருகிறாயா என்று எஜிஸ்தோவைக் கேட்டால் வராமல் இருக்க மாட்டேன் என்கிறான்.

சுற்றி வளைப்பானேன், ஃபோஸ்காவைக் கல்யாணம் செய்துகொள்ள எனக்கு ஆசை. அவள் புருஷன் போய் எட்டு வருடம் ஆகிறது, உன் அம்மா போய் ஆறு. நேரில் கேட்கத் தைரியமில்லாமல் புதன்கிழமை போன் போட்டேன். தாளில் எழுதிப் படித்ததுதான் வினை. வணக்கம் அம்மா, உங்களுக்கு நன்மை தரும் யோசனை ஒன்று என்று ஆரம்பித்ததுமே, எனக்கு இப்போது இருப்பதே போதும் என்று வைத்துவிட்டாள். இருப்பது என்றால் புருஷனின் நினைவு என்று எடுத்துக்கொண்டு மூன்று நாள் சவரம்கூடச் செய்யவில்லை.

சனிக்கிழமை ரொட்டிக்கடை வரிசையில் அவள் எல்லோரிடமும் சொல்கிறாள்: "இப்பல்லாம் கரண்டு விக்கக் கிழவனுங்களையும் பேச விடறாங்க. பாவம், குரலே நடுங்குச்சு." எனக்குப் பொறுக்கவில்லை. "அது நான்தான். கரண்டு விக்கல, கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்க வந்தேன்" என்றேன். வரிசையே என் பக்கம் திரும்பியது. ஃபோஸ்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கடை முழுக்கக் கேட்கும்படி, "சரி" என்றாள்.

வெளியே வந்ததும் ஒரு நிபந்தனை போட்டாள். "கரண்டு ஒப்பந்தத்த ரத்து பண்ணவே பதினாலு நாள் குடுக்கறாங்க. உங்க பொண்ணுக்கும் அவ்வளவு குடுப்போம். அவ வேண்டாம்னா இது இல்ல."

போனில் கேட்டிருக்கலாம். உன் அம்மா பெயரை எடுத்தால் பாதியிலேயே போனை வைத்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன். பிடிக்கவில்லை என்றால் சொல், வருத்தப்படுவேன், ஆனால் உன் மேல் கோபப்பட மாட்டேன். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், ஆண்டவர் உங்களைக் காக்கட்டும். கடிதம் வந்துசேரவே பத்து நாள் ஆகிவிடும், பதிலை எழுதிக்கொண்டிருக்காதே. கூப்பிடு, முதல் மணியிலேயே எடுப்பேன். மனம் ஒப்பினால் அந்த வார்த்தையைப் போனிலேயே சொல்லிவிடு மகளே.

உன் அப்பா
உல்தெரிக்கோ