14-ஆம் எண் மரத்தை வெட்டாதீர்கள்: பொந்துக்குள் தாயும் குஞ்சும் இருக்கின்றன

அனுப்புநர்:
துளசி த/பெ சுகுமாரன் (வயது 20),
பாயான் லெப்பாஸ், பினாங்கு.

பெறுநர்:
வனவிலங்குப் பாதுகாப்பு அதிகாரி அவர்கள்,
பினாங்கு.

பொருள்: புதன்கிழமை வெட்டப்படவிருக்கும் மரத்தில் உள்ள இருவாச்சிப் பறவையையும் குஞ்சையும் காப்பாற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

பெரிய செய்தி: எங்கள் பேருந்து நிறுத்தத்து இருவாச்சி குஞ்சு பொரித்துவிட்டது, வெள்ளிக்கிழமை காலை அதன் குரலை என் காதாலேயே கேட்டேன், கைப்பேசியில் பதிவும் செய்திருக்கிறேன்! துள்ளிக் குதித்து எழுத வேண்டியதைப் புகாராக எழுத நேர்ந்துவிட்டது.

1. நான் கணினிச் சில்லுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். பறவைகளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் யூடியூப் பார்த்துக் கற்றது. தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்திருக்கும் இடத்தில் பழைய தூங்குமூஞ்சி மரம் ஒன்று உள்ளது. ஜனவரி இறுதியில் பெண் பறவை அதன் பொந்துக்குள் புகுந்து, வாயிலைச் சேறு பூசி அடைத்துக்கொண்டது. விரலளவு இடுக்கு மட்டும் விட்டது. ஆண் பறவை அதன் வழியே தினமும் இரை கொடுத்தது. இதையெல்லாம் நான் பதிவிடும் சமூக ஊடகப் பக்கத்தைத் தொடரும் பதினோராயிரம் பேர் அதற்கு 'டெலிவரி அண்ணே' என்று பெயர் வைத்தார்கள்.

2. அந்த நிலத்தில் புதிய தொழிற்சாலை வருகிறது. மரத்தில் சிவப்புச் சாயத்தில் 14 என்று எழுதி, 12.3.2025 புதன்கிழமை வெட்டுவதாக அட்டை மாட்டியுள்ளனர். ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் திரு. கோகிலனிடம் முறையிட்டேன். "தங்கச்சி, ட்ரோன் விட்டுப் பாத்தாச்சுலா. பொந்து மூடிக் கெடக்கு. மூடுன பொந்துல பறவ எப்படிம்மா இருக்கும்?" என்றார். ஐயா, பறவை உள்ளே இருப்பதால்தான் பொந்து மூடியிருக்கிறது. ஆனால் அவர்களுடைய அறிக்கையில் 'கூடு இல்லை' என்றே பதிவாகியுள்ளது.

3. அடுத்தது, என் மீது நானே சொல்லும் புகார். குஞ்சின் குரலைப் பதிவேற்றியதும், "அக்கா, லொக்கேஷன் போடுங்கலா, சப்போர்ட் பண்ண வரோம்" என்று பக்கத்தைத் தொடர்வோர் கேட்டார்கள். கூட்டம் இருந்தால் வெட்டமாட்டார்கள் என்று நம்பிப் போட்டேன். சனிக்கிழமை நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். படமெடுக்க அவர்கள் விட்ட மூன்று ட்ரோன்கள் பறந்தன. ஆண் பறவை மூன்று முறை வந்து, பொந்தை நெருங்க முடியாமல் திரும்பியது. நான்காம் முறை ஒரு ட்ரோனில் மோதி விழுந்தது. அந்த நிலத்தின் காவலாளி திரு. ஹைருல் அதைத் துண்டில் ஏந்தி வந்தார். உயிர் இல்லை. தொண்டையில் சேர்த்து வைத்திருந்த ஏழு அத்திப்பழங்கள் துண்டில் உருண்டன.

4. அன்றிலிருந்து பொந்துக்கு இரை போகவில்லை. இடுக்கில் தாயின் அலகு நுனி தெரிகிறது. அடைந்திருக்கும் காலத்தில் இறகுகள் உதிரும் என்று படித்திருக்கிறேன். வெளியே வந்தாலும் அதனால் பறக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. குஞ்சின் குரல் நேற்றைவிட இன்று மெலிந்துவிட்டது. பொந்து நான்கு மாடி உயரத்தில் உள்ளது. எங்கள் ஏணி எதுவும் எட்டவில்லை.

ஆகவே, மரம் வெட்டுவதற்காக ஒரு நாள் முன்பே, நாளை வந்து நிற்கவிருக்கும், ஆளை மேலே ஏற்றும் தூக்கி வண்டியில் முதலில் தங்கள் அலுவலர்கள் ஏறி, அவ்விரு உயிர்களுக்கும் இரை கொடுக்கவோ அவற்றை மீட்கவோ வேண்டும் என்றும், அதுவரை வெட்டும் வேலையை நிறுத்தி வைக்க வேண்டும் என்றும் பணிவுடன் வேண்டுகிறேன். என் மீது நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். முதலில் மரத்துக்கு வாருங்கள், ஐயா.

இடம்: பாயான் லெப்பாஸ்
நாள்: 10.3.2025

இப்படிக்கு,
சு. துளசி

நகல்: என் பக்கத்தைத் தொடர்வோருக்கு (முகவரியும் இடமும் நீக்கப்பட்டுள்ளன). இம்மனுவைப் பகிருங்கள். அதிகாரிக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். சனிக்கிழமை எடுத்த காணொளி வைத்திருப்பவர்கள் அதையும் சேர்த்து அனுப்புங்கள். தயவுசெய்து யாரும் மரத்தடிக்கு வராதீர்கள்.