ஒப்புதல் கொடுக்காதே

லிபா,
9 மே 2011

அன்புள்ள ராமில் குயா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் அறை நண்பனிடமும் வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு. என் தோழி ஆர்லீனின் அப்பா தான் ஓட்டும் மணிலா பேருந்தில் கொண்டுவருவார். பதிலையும் அவரிடமே கொடு.

உங்கள் கம்பெனியின் 'பர்காடா' இணையதளத்தை இந்த மாதம் முப்பத்தொன்றோடு அழிக்கிறீர்களாமே. நாலு வருஷம் முன்பு கம்பெனிச் சட்டையோடு வந்து, தெருவுக்கே ஆளுக்கொரு பக்கம் திறந்துகொடுத்தவன் நீ. அப்பாவுக்கும்தான். "இனிமே நாடே இதுலதான் பேசும் பாரு" என்றாய். இன்று எல்லோரும் வேறு தளத்துக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் போகவில்லை. காரணம் இதுதான்.

அம்மா நம்மை விட்டு ஓடவில்லை. அப்பா அவள் கையை உடைத்ததால் ஒளிந்திருக்கிறாள். இரண்டு வருஷமாக எனக்கு எழுதுகிறாள். உங்கள் தளத்தில் நம் பக்கத்துக்கு ஒருவர் எழுதும் பாராட்டு, நாம் ஒப்புதல் கொடுத்தால்தானே வெளியே தெரியும்? அதனால் எங்கள் பள்ளியில் ரகசியங்களைப் பாராட்டாக எழுதி, முதல் வரியில் 'ஒப்புதல் கொடுக்காதே' என்று போடுவோம். அம்மாவுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தேன். இருபத்துமூன்று இருக்கின்றன. ஒரு மாதமாக, ஒப்புதலுக்குக் காத்திருப்பவை கிடக்கும் அந்தப் பெட்டியே திறக்கவில்லை. கம்பெனிக்கு உள்ளே இருப்பவன் நீ. அழிவதற்குள் அவற்றைப் பார்த்துக் கையால் எழுதி அனுப்பு. வேறு எதையும் தொடாதே.

உன் தங்கை,
மரிவிக்

மக்காத்தி, மணிலா,
11 மே 2011

மரிவிக்,

இரண்டு வருஷம் அம்மாவை மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். அவள் எழுதியதெல்லாம் நான் வேலை செய்யும் இடத்திலேயே கிடந்திருக்கிறது. நீயும் வாயைத் திறக்கவில்லை. உன்மேல் எனக்கு வரும் கோபம் எனக்கே பயமாக இருக்கிறது.

இங்கே நாற்பது பேரில் ஆறு பேர்தான் மிச்சம். நாற்காலிகளைக்கூட விற்றுவிட்டார்கள். நாளையோடு எனக்கும் உள்ளே நுழைய அனுமதி இல்லை. கையால் எழுத ஏது நேரம்? இருபத்துமூன்றுக்கும் ஒரேயடியாக ஒப்புதல் கொடுத்துவிட்டேன். அப்போதுதான் அவற்றை இறக்கிக்கொள்ள முடியும். ஒரு குறுவட்டில் ஏற்றி வைத்திருக்கிறேன். படிக்க மனம் வரவில்லை. பயப்படாதே, இப்போது அந்தத் தளத்தை யார் பார்க்கிறார்கள்?

ராமில்

லிபா,
12 மே, இரவு

ராமில்,

அண்ணன் என்று உரிமையோடு 'குயா' போட இன்று கை வரவில்லை.

உன் கடிதத்துக்கு முன்பே அப்பாவின் கைப்பேசி அடித்துவிட்டது. நேற்று மீனும் சோறும் தின்றுகொண்டிருந்தார். ஒன்றன்பின் ஒன்றாக இருபத்துமூன்று குறுஞ்செய்திகள். யாரும் தளத்தைப் பார்க்க வேண்டியதில்லை. வீட்டில் யாருடைய பக்கத்தில் எது வெளியானாலும் அப்பாவுக்குக் குறுஞ்செய்தி போகும்படி அன்று செய்துவைத்தவன் நீதான். உங்கள் கம்பெனியில் எல்லாம் நின்றுபோயிற்று, அது மட்டும் நிற்கவில்லை.

உரக்கப் படித்தார். "ஒப்புதல் கொடுக்காதே கண்ணு. செபு துறைமுகத்துக்கு எதிர்ல ரொட்டிக்கடையில வேலை கெடைச்சிருக்கு." பிறகு சிரித்தார்.

"உங்கம்மா ரொட்டி சுடுறாளாம். சூடா வாங்கிட்டு வரேன், நீயும் தின்னு."

என் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டார். நாளை செபு போகும் கப்பலுக்குச் சீட்டும் வாங்கிவிட்டார். அதை விட்டால் திங்கள்கிழமைதான் கப்பல்.

படிக்க மனம் வரவில்லையா உனக்கு? ஒவ்வொன்றின் கடைசியிலும் அவள் உன்னைத்தான் விசாரித்திருக்கிறாள். "ராமில் நேரத்துக்குச் சாப்பிடுறானா? அவன் கம்பெனி நல்லா நடக்குதா?"

அழாதே, விமானம் ஏறு. கடையில் அவள் பெயர் நீதா. இது கிடைத்த அன்றே வேறு ஊருக்குக் கூட்டிப்போ.

அப்பாவின் சீட்டை நான் எடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தோடு மடித்து அனுப்புகிறேன். ஜன்னலுக்குக் கீழே ஆர்லீன் நிற்கிறாள். கூடத்தில் அப்பா ஒவ்வோர் இழுப்பறையாக இழுத்துக் கொட்டும் சத்தம் கேட்கிறது.

அம்மாவைப் பார்த்ததும் முதலில் இதைச் சொல். ஒப்புதல் கொடுத்தது நான் இல்லை. என் அறைக் கதவைத் தட்டுகிறா—