தொட்டிகளுக்கு அடியில் வடிந்த தண்ணீர்

சேலையூர், தாம்பரம்
8-6-1975

அன்பு மகன் சாலமோனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் யூனிஸும் குழந்தையும் லுசாக்காவில் சுகமாக இருக்கிறீர்கள் என்றே நம்பிக்கொண்டிருக்கிறேன். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, பதில் எழுதப் பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன், வேறு காரணம் ஒன்றும் இல்லை. அப்பாவின் கல்லறையில் சிலுவை வைத்தாகிவிட்டது, பெயரும் தேதியும் சரியாக இருக்கின்றன, போய்ப் பார்த்தேன். பார்த்துவிட்டு பஸ் பிடித்து வந்து தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் அழுதுவிடு, பாரம் குறையும் என்கிறார்கள், வந்தால் அழமாட்டேனா.

இந்த வருஷம் மழையே இல்லை. நம் நர்சரிக் கிணற்றில் காலையில் கொஞ்ச நேரம் இறைத்தாலே சேறு வந்துவிடுகிறது. அப்பா இருந்தபோது தாராளமாக ஊற்றுவார், தொட்டி மண் குடித்தது போக மீதி அடி ஓட்டை வழியாக வடிந்து எங்கோ ஓடிவிடும், நாம் கவனித்ததில்லை. இப்போது வேலையாள் துளசிங்கத்தை வைத்துத் தொட்டி வரிசைகளுக்கு அடியில் களிமண் அடித்துச் சரிவாக்கி, ஓரமாக வாய்க்கால் வெட்டி, வேலி மூலையில் கரை போட்டு ஒரு குட்டை கட்டினேன். வடிகிறதெல்லாம் அதில் சேரும், மணலில் வடிகட்டிப் பூவாளியில் மொண்டு திரும்பவும் தொட்டிகளுக்கே ஊற்றுவோம். கலியாண வீடுகளுக்கு வாடகைக்குப் போகிற குரோட்டன்ஸ் செடிகளும் பாம் செடிகளும் அதனால்தான் பிழைத்தன. நல்ல காரியம் செய்தோம் என்று நினைத்தேன், நினைத்தேனே தவிர சந்தோஷம் என்று ஒன்றும் வரவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் ஜெயக்கொடி என்று ஒருத்தி கீரை போடுகிறாள், நீ போன பிறகு வந்தவள், புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான், இரண்டு பெண்பிள்ளைகள், கீரையைக் கூடையில் சுமந்து தாம்பரம் மார்க்கெட்டில் விற்றால்தான் அந்த வீட்டில் உலை. அவள் பாத்தி இத்தனை நாளும் நம் தொட்டிகளில் வடிந்த தண்ணீரில்தான் பிழைத்திருக்கிறது, எனக்குத் தெரியாது. குட்டை கட்டிய பிறகு ஒருநாள் வேலியோரம் வந்து நின்று, அக்கா, ஒங்க வூட்டாண்டேர்ந்து தண்ணியே வர்லியே, கீரையெல்லாம் வாடிக்கினு கீது, இன்னாக்கா ஆச்சு என்று கேட்டாள். கிணறு வற்றிவிட்டது, வடிகிற தண்ணீரை நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். யாரோ வழி கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் சொன்னேன். அவள் கொஞ்சநேரம் என் முகத்தையே பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருகிறேன், குட்டைக் கரை வெட்டிக் கிடக்கிறது, தண்ணீர் அத்தனையும் வேலிக்கடியில் பாய்ந்து அவள் பாத்தியில் நிற்கிறது. அவள் ஓடி ஒளியவில்லை, மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். துளசிங்கம் போலீசுக்குப் போகிறேன் என்று குதித்தான். நாந்தான் வெட்னேன், போறதுன்னா போ, என்றாள் அவனிடம். பிறகு என்னைப் பார்த்து, அக்கா, நாலு வார்த்தை திட்டேன்க்கா, இப்டி பாத்துக்கினே நின்னா நான் இன்னா பண்ணுவேன் என்று ஓவென்று அழுதாள். எனக்குத் திட்ட வரவில்லை சாலமோன். கோபம் இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன், இல்லை. இரக்கமும் இல்லை, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஆனால் இந்தத் தண்ணீர் போகாவிட்டால் அந்தப் பிள்ளைகள் பட்டினி என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அது தெரிவதற்கு மனசு வேண்டியதில்லை.

அதற்குமுன்பே குரோட்டன்ஸ் இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியிருந்தது. போடுகிற புண்ணாக்கும் உரமும் கரைந்து கரைந்து, சுற்றிச் சுற்றி ஊற்றும் தண்ணீரிலேயே உப்பு ஏறிவிடுகிறது. அதனால் இரண்டு சுற்று தொட்டிகளுக்கு, பிறகு கரையில் வைத்த மடையைத் திறந்து அவள் கீரைக்கு என்று வைத்துவிட்டேன், கீரை அந்த உப்பைத் தாங்குகிறது. ரோஜா தாங்கவில்லை, அதற்குத் தனியாகக் கொடுக்கக் கிணற்றில் நல்ல தண்ணீரும் இல்லை. அப்பா ஒட்டுக்கட்டி வளர்த்த ரோஜா வரிசை முழுவதையும் விட்டுவிட்டேன். காய்ந்த செடிகளைப் பிடுங்கும்போது துளசிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெட்டிய கரையை ஜெயக்கொடியே மண் குழைத்துப் பூசிக் கொடுத்தாள். இப்போது சாயங்காலமானால் வேலிக்கு அப்பாலிருந்து, அக்கா, தண்ணி வுட்டாச்சா என்று கேட்பாள், விட்டாச்சு என்பேன். சில நாட்களில் நான் பேசுகிற பேச்சே அவ்வளவுதான்.

நர்சரியை விற்றுவிட்டு அங்கே வந்துவிடு, டிக்கெட் அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறாய். இப்போது அனுப்ப வேண்டாமப்பா. வந்தால் அங்கேயும் இப்படியேதான் உட்கார்ந்திருப்பேன். இங்கே உட்கார்ந்திருந்தால் நாலு தொட்டியாவது நனையும். அப்பா அடக்கத்துக்கு வரமுடியவில்லையே என்று நீ மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே, அவ்வளவு தூரத்திலிருந்து வர முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். மலேரியா மாத்திரையைத் தவறாமல் சாப்பிடு, குழந்தையைக் கொசுவலைக்குள் படுக்க வை, யூனிஸிடம் சொல். கர்த்தர் உங்கள் மூவரையும் தம் கரத்தில் வைத்துக் காப்பாராக. அடுத்த கடிதத்தில், குழந்தை சிரிக்கிறதா, யாரைப்போல் சிரிக்கிறது என்று எழுது.

உன் அம்மா,
ரத்தினபாய்